எதனை வாசிக்கலாம்? விதந்துரையின் சமூகவியல் பற்றிச் சில குறிப்புகள்

“இதனை வாசித்துப் பாருங்கள், நன்றாக இருக்கிறது” என்று கூறி ஒருவர் மற்றொருவர் கையில் ஒரு நூலையோ சஞ்சிகையையோ கொடுப்பது மிகச் சாதாரணமான நிகழ்ச்சி. சாதாரணமானது என்பதனாலேயே இலக்கிய வரலாற்றாசிரியரின் கவனத்திற்கு அது உள்ளானதில்லை. எழுதியவர் யார், எங்கு அச்சாயிற்று, எத்தனை பதிப்புகள் கண்டது, எந்தத் திறனாய்வாளர் யாது கூறினார் என்பவற்றையெல்லாம் நாம் தேடித் தொகுத்திருக்கிறோம். அச்சான நூல் ஒரு வாசகரின் கையை எவ்வழியால் அடைந்தது என்ற வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. ஈழத்துத் தமிழ்ச் சூழலைப் பொறுத்தவரை இவ்வினா அலட்சியம் செய்யத்தக்கதன்று. இங்கு நூற் சந்தை என்பது ஒருபோதும் முழுமையாக உருவானதில்லை. அச்சந்தை செய்யத் தவறிய பணியின் பெரும்பகுதியை மேற்கூறிய சாதாரண நிகழ்ச்சியே செய்து வந்துள்ளது.

இதனை விதந்துரை என்ற சொல்லாற் குறிப்போம். அலுவலகங்களில் விண்ணப்பப் படிவங்களின் அடியில் அதிகாரி இடும் குறிப்பையும் இப்பெயராலேயே நாம் வழங்குகிறோம் என்பது உண்மை. எனினும் இதனைவிடப் பொருத்தமான சொல் வேறில்லை. விதந்துரை விளம்பரத்தினின்றும் வேறானது; ஏனெனில் கூறுபவருக்கு அதனாற் பணம் கிடைப்பதில்லை. மதிப்புரையினின்றும் அது வேறானது. மதிப்புரையாளர் நூலை நோக்கிப் பேசுகிறார். விதந்துரைப்பவர் ஒரு குறிப்பிட்ட வாசகரை நோக்கிப் பேசுகிறார். இந்த ஆளுக்கு இந்த நூல் பிடிக்கும் என்ற கணிப்பு அதனுள் இருக்கிறது. நூலைப் பற்றிய அறிவோடு வாசகரைப் பற்றிய அறிவும் அதற்கு வேண்டும். ஆகவே அது ஒரு சமூக உறவு. சமூக உறவு என்றவுடன் வர்க்கம், சாதி, பிரதேசம், மதம் என்பன அதனுட் புகுந்துவிடுகின்றன.

கிண்ணியாவை எடுத்துக்கொள்வோம். கொட்டியாரக் குடாவை அணைத்துக் கிடக்கும் இவ்வூரின் மக்களிற் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். நெற்செய்கையும் மீன்பிடியும் கால்நடையும் இவர்களது சீவனோபாயங்கள். திருகோணமலைப் பட்டினம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதிலும் 2009 ஒக்தோபரிற் பாலம் திறக்கப்படும்வரை துறையைக் கடப்பதற்குப் ‘பாதை’ என வழங்கிய இழுவைப் படகே மார்க்கமாயிருந்தது. 396 மீற்றர் நீளமுள்ள அப்பாலம் திறக்கப்பட்டபோது இலங்கையிலேயே நீளமான பாலம் எனப் பெயர்பெற்றது. மூதூர்ப் பக்கம் செல்வோருக்கு மேலும் பல துறைகள் இருந்தன. இத்தகைய நில அமைப்பில் அச்செழுத்தின் பயணம் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். நாளிதழும் வாரப் பத்திரிகையும் முகவர் மூலம் வந்து சேரும். அவற்றின் பின்னால் மூலதனமும் விநியோக வலையும் இருக்கின்றன. புத்தகக் கடை என்று பெயர்ப்பலகை தாங்கியவை பாடநூலும் அப்பியாசக் கொப்பியும் விற்பன. நாவலோ கவிதைத் தொகுதியோ சிற்றேடோ அங்கு முகவர் கையால் வரவில்லை. மனிதர் கையால் வந்தது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர், அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையிற் பயின்று மீண்டவர், பல்கலைக்கழக விடுமுறையில் ஊர் திரும்பிய மாணவர், கொழும்பிற் கந்தோர் உத்தியோகம் பார்த்தவர் என்போரே அக்காலத்து நூல் விநியோகத்தர். இவர்களது பைகளில் என்ன இருந்ததோ அதுவே அவ்வூரின் நவீன இலக்கியமாயிற்று என்று கூறுவது சிறிது மிகையாகலாம், பெருமளவு பிழையாகாது.

இதனைக் கூறும்போது திருகோணமலைப் பிரதேசம் எழுத்தில் வறுமையுற்றிருந்தது என எவரும் கருதிவிடலாகாது. தமிழ் நாவலின் தொடக்க கால நூல்களுள் இரண்டு இப்பிரதேசத்தவரால் எழுதப்பட்டவை. எஸ். இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை 1891இல் வெளிவந்தது, தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இல் வந்தது. பின்னது தமிழின் முதல் வரலாற்று நாவல் என ஆய்வாளர் பலராற் கொள்ளப்படுவது. அது அச்சேறியது சென்னையில். எழுதுவோர் இங்கு இருந்தனர், அச்சிடும் வசதியும் பரப்பும் வசதியும் வேறிடத்தில் இருந்தன என்னும் முரண்பாடு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

இம்முரண்பாட்டைப் பெரும் மூலதனமின்றி எதிர்கொண்டவை சிற்றேடுகள். அவற்றுள் மிக நீண்ட காலம் வாழ்ந்த மல்லிகையைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது. 1966 ஓகத்தில் டொமினிக் ஜீவா அதனைத் தொடங்கினார். 2012இன் இறுதிவரை அது வெளிவந்தது. தொடக்க காலத்தில் அதன் காரியாலயம் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூன். ஒடுக்கப்பட்ட சாதியொன்றிற் பிறந்து, தமது தொழிலையோ பிறப்பையோ மறைக்காது, அத்தொழில் நிலையத்தையே இலக்கியச் சந்திப்பிடமாக மாற்றியமை ஜீவாவின் தனித்துவம். சிகையலங்கார நிலையம் பலரும் வந்து காத்திருக்கும் இடம்; காத்திருப்பவர் கையில் எதையேனும் எடுத்துப் புரட்டுவர். வாசிகசாலைகளுள்ளும் சாதி புகுந்திருந்த யாழ்ப்பாணச் சூழலில், பேராசிரியரும் தொழிலாளியும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே இதழைப் பற்றிப் பேசும் இடமொன்று உருவானமை சிறிய காரியமன்று. அதன் ஆசிரியர் இதழ்களைத் தாமே சுமந்து தெருத் தெருவாகச் சென்று விற்றார். ஒவ்வொரு பிரதியும் பேச்சோடு சேர்ந்தே விற்பனையாயிற்று. இதில் யாருடைய கதை வந்திருக்கிறது, அதை ஏன் வாசிக்க வேண்டும் என்பதை விற்பவரே வாங்குபவருக்கு நேரிற் கூறினார். உற்பத்தியாளனும் நுகர்வோனும் முகம் பார்க்காத பண்ட உறவு இங்கு ஓரளவேனும் உடைபட்டது.

மல்லிகை வேறொரு காரியத்தையும் செய்தது. அட்டையில் நடிகையின் படத்தை இடாது எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் படத்தை இட்டு உள்ளே அவரைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. தமிழகத்திற் சரஸ்வதி 1950களிற் காட்டிய வழி அது. தூர இடத்து வாசகருக்கு அவ்வட்டை ஓர் அறிமுகக் கடிதமாயிற்று. திக்குவல்லை போன்ற தென்னிலங்கை முஸ்லிம் ஊர்களும் அதன் பக்கங்களில் இடம் பெற்றன. சிங்களக் கதைகள் மொழிபெயர்க்கப்பட்டன. ‘தூண்டில்’ என்ற கேள்வி பதிற் பகுதியில் வாசகர் கேட்பதும் ஆசிரியர் விடையிறுப்பதுமாக நூல்கள் பற்றிய பேச்சு ஓயாது நடந்தது. சிலவேளை அவ்விடைகளிற் தற்பெருமையும் இருந்தது. அதனையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

சிற்றேடுகளின் பின்பக்கங்களைப் புரட்டுவோர் ‘வரப்பெற்றோம்’ என்ற தலைப்பைக் காண்பர். நூற்பெயர், ஆசிரியர் பெயர், விலை, முகவரி, அவ்வளவே. ஆய்வாளர் அப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுவது வழக்கம். ஆனால் இவ்வமைப்பு இயங்கியது அப்பக்கத்தினாலேதான். ஓர் இதழாசிரியர் தமது இதழை மற்றோர் இதழாசிரியருக்குப் புத்தகத் தபாலில் அனுப்புவார். அவர் தமது இதழைத் திருப்பி அனுப்புவார். இருவரும் பெயர்களைத் தத்தம் பக்கங்களிற் குறிப்பர். அதனைக் கண்ட ஒரு வாசகர் தபாற்கந்தோரிற் காசுக்கட்டளை எடுத்துச் சந்தா அனுப்புவார். இடையில் வியாபாரி இல்லை. கல்முனையிலிருந்து 1969இல் எம். ஏ. நுஃமான் தொடங்கிய கவிஞன், யாழ்ப்பாணத்திலிருந்து 1975 முதல் 1990 வரை 35 இதழ்களாக வெளிவந்த அ. யேசுராசாவின் அலை, 1980இல் மலையகத்திலிருந்து வந்த தீர்த்தக்கரை ஆகியன தம்முள் எவ்வளவோ கருத்து வேறுபாடுடையவை. எனினும் ஒன்றின் வாசகர் மற்றொன்றை அறிந்தது பெரும்பாலும் இவ்வழியாலேயே. சி. சு. செல்லப்பா 1959இல் எழுத்து இதழைத் தொடங்கியபோது அதனை 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என அறிவித்தார். அதனை மேட்டிமைவாதம் என்று மார்க்சியர் சாடினர். சாடியது சரியே. ஆயினும் எமது முற்போக்கு ஏடுகளின் விற்பனையும் அந்த எல்லையை எட்டுவதற்கு முட்டுப்பட்டது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். மக்கள் இலக்கியம் பேசியவர்களுக்கும் தூய இலக்கியம் பேசியவர்களுக்கும் தபாற்காரன் ஒருவனே.

விதந்துரை எவ்வளவு தூரம் செல்லக் கூடியது என்பதற்கு மஹாகவி எனப்பட்ட து. உருத்திரமூர்த்தியின் நிகழ்வு சிறந்த சான்று. அளவெட்டியிற் பிறந்த அவர் 1971இற் காலமானார். அன்றைய முற்போக்குத் திறனாய்வு அவருக்கு உரிய இடத்தை அளிக்கவில்லை. அவர் இயக்கத்தைச் சேர்ந்தவரல்லர். ஆகவே பெயர்ப் பட்டியல்களில் அவர் விடுபட்டார். அவரை விடாப்பிடியாக விதந்துரைத்தவர் கிழக்கு மாகாணத்து முஸ்லிம் ஊரொன்றைச் சேர்ந்தவரும் தாமே மார்க்சியருமான நுஃமான். கல்முனையில் இயங்கிய வாசகர் சங்கம் 1970இற் கோடை பா நாடகத்தையும் அடுத்த ஆண்டில் ஒரு சாதாரண மனிதனது சரித்திரத்தையும் வெளியிட்டது. வாசகர்கள் கூடி வெளியீட்டாளராவது எமது சூழலிற் பெரிதும் பேசப்படாத ஒரு வடிவம். ‘இதனை வாசியுங்கள்’ என்று சொல்வதோடு நில்லாது, வாசிப்பதற்கு நூல் இல்லையெனில் அச்சிட்டுத் தருவது என்ற நிலைக்கு விதந்துரை அங்கு வளர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கவிஞர் ஒருவரை யாழ்ப்பாணத்து வாசகருக்கே கல்முனை அறிமுகம் செய்தது என்று கூறலாம். 1984இல் நுஃமானும் யேசுராசாவும் இணைந்து தொகுத்த பதினொரு ஈழத்துக் கவிஞர்கள் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தபோது அவ்விதந்துரை கடலையும் கடந்தது.

இனி, எமது தரப்பினருக்குச் சங்கடமான பகுதிக்கு வருவோம். நாம் விதந்துரைத்த நூல்களைப் பற்றி என்ன கூறினோம்? சமூகப் பயன் உடையது, யதார்த்தமானது, வர்க்கப் பிரக்ஞையை வெளிப்படுத்துவது என்றோம். வாசிக்கச் சுவையானது என்று கூறியவர் மிகச் சிலர். சுவை என்ற சொல்லையே வணிக சஞ்சிகைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டவர் போல நடந்துகொண்டோம்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவான காலத்தில் ஈழத்து வாசகரிற் பெரும்பாலானோரின் பொழுதைத் தமிழகத்து வார ஏடுகள் ஆட்கொண்டிருந்தன. சென்னையில் அச்சான தொடர்கதைக்காகக் காத்திருந்த வாசகர் தம் ஊர்க் கதையை வாசிக்கத் தயங்கினர். அவ்வேடுகளின் வரவைக் கட்டுப்படுத்த வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. 1970இற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக உள்ளூர் வெளியீடு உயிர்பெற்றது. வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் கதவு மீண்டும் திறந்தது. பழைய ஏடுகள் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஏழு ஆண்டு இடைவெளியில் வாசகரின் இரசனை வேரோடு மாறிவிடும் என எண்ணியது பொருளாதாரத்தைச் சரியாகவும் இரசனையை மேலோட்டமாகவும் விளங்கிக்கொண்டதன் விளைவு. ஒரு சுவையை விலக்கினால் அவ்விடத்தில் இன்னொரு சுவை வைக்கப்பட வேண்டும். அறிவுரை அவ்விடத்தை நிரப்பாது.

இதே வினாவை அந்தோனியோ கிராம்சி சிறையிலிருந்து எழுப்பினார். இத்தாலியப் பொதுமக்கள் ஏன் பிரெஞ்சுத் தொடர்கதைகளை விரும்பி வாசிக்கின்றனர் என்று கேட்டு, இத்தாலிய எழுத்தாளர் தம் மக்களின் உணர்விலிருந்து விலகி நிற்பதே காரணமென அவர் விடை கண்டார். வாசகரைக் குறைகூறாது எழுத்தாளரை நோக்கி வினவியமையே அதன் சிறப்பு. மார்க்சின் மருமகன் போல் லபார்க் எழுதிய நினைவுக் குறிப்புகளில், மார்க்ஸ் நாவல்களில் மிகுந்த விருப்பமுடையவர் என்றும், இரண்டு மூன்று நாவல்களை ஒரே காலத்தில் மாறி மாறி வாசிப்பவர் என்றும், பால்ஸாக்கைப் போற்றியதோடு மூத்த டூமாவையும் வால்டர் ஸ்கொட்டையும் களிப்புக்காக வாசித்தார் என்றும் காண்கிறோம். பிரெக்ட் துப்பறியும் நாவல்களின் தீவிர வாசகர்; நாடகத்தின் முதற் பணி மகிழ்வூட்டுவதே என்று 1948இல் எழுதியவரும் அவரே. சோவியத் யூனியன் கூட எமக்கு வெறும் சித்தாந்த நூல்களை மட்டும் அனுப்பவில்லை. பெரெல்மானின் விஞ்ஞான நூலொன்று தமிழிற் பொழுதுபோக்கு பௌதிகம் என்ற பெயருடனேயே வந்தது. ஐத்மாத்தவின் ஜமீலாவையும் முதல் ஆசிரியரையும் சில ரூபாய்க்கு வாங்கி வாசித்த தலைமுறை அவற்றைக் கடமைக்காக வாசிக்கவில்லை.

எமது மண்ணிலும் இதற்கு எடுத்துக்காட்டு இல்லாமலில்லை. சி. சிவஞானசுந்தரம் 1960களின் முற்பகுதியிற் கொழும்பிற் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து நடத்திய சிரித்திரன், நகைச்சுவையையே முழு முதலாகக் கொண்ட ஏடு. சவாரித் தம்பரும் மகுடியாரின் கேள்வி பதிலும் நினைவில்லாத மூத்த வாசகர் இலர். சீதன வழக்கத்தையும் உத்தியோகப் பெருமையையும் சாதித் திமிரையும் அது கேலிச் சித்திரத்தின் ஒரு கோட்டிற் சாய்த்தது. நாம் பல பக்கங்களில் விளக்கிய நிலமானிய மனோபாவத்தை அவ்வேடு இரண்டு வரிகளிற் சிரிப்புக்குள்ளாக்கிற்று. ஆயினும் எமது இலக்கிய வரலாறுகளில் அதற்குக் கிடைத்த இடம் அடிக்குறிப்பின் இடமே.

தமிழகத்தில் இத்துறையில் நிகழ்ந்தவற்றை ஒப்புநோக்குவது பயன் தரும். க. நா. சுப்ரமண்யம் படித்திருக்கிறீர்களா? என்ற பெயரிலேயே நூல் எழுதினார். அவருடைய பட்டியல்கள் பிரசித்தமானவை, சர்ச்சைக்குரியவையும் கூட. காரணம் கூறாது தரம் பிரிக்கும் அம்முறையை நாம் ஏற்பதற்கில்லை; தனிமனித இரசனையை இறுதி நீதிமன்றமாக்கும் போக்கு அது. ஆனால் அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூல்நிலையங்களுக்குச் சென்ற இளைஞர் பலர் என்பதையும் மறுப்பதற்கில்லை. வல்லிக்கண்ணனும் தாமரையின் ஆசிரியராயிருந்த தி. க. சிவசங்கரனும் வேறு வழியிற் சென்றனர். முன்பின் அறியாத இளம் எழுத்தாளரின் முதற் கதையை எங்கோ கண்டாலும் அஞ்சலட்டை எழுதிவிடுவர். விதந்துரையின் மிக மலிவான, மிக வலிமையான சாதனம் அந்த அட்டை. திருநெல்வேலியின் ஒரு தெருவிலிருந்து அவ்வாறு சென்ற வரிகள் எத்தனை பேரைத் தொடர்ந்து எழுத வைத்தன என்பதை எந்தப் புள்ளிவிபரமும் கூறாது. சுஜாதா மற்றொரு வகை. கணையாழியின் கடைசிப் பக்கத்திலும் பின்னர் ஆனந்த விகடனிலும் அவர் புதிய கவிஞர்களையும் சிற்றேடுகளையும் இலட்சக்கணக்கானோருக்கு அறிமுகம் செய்தார். வணிக ஏட்டின் மேடையிலிருந்து வணிகமல்லாததை விதந்துரைப்பது ஒரு முரண். அவர் சுட்டிய ஒரு கவிதையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அது வந்த இதழை மறந்தோரே அதிகம். எனினும் அவரது நடை எமக்குப் பாடமாகவேண்டியது. தாம் இரசித்ததை இரசித்ததாகவே கூற அவர் கூச்சப்படவில்லை.

நண்பரை விதந்துரைப்பதற்கும் அந்நியரை விதந்துரைப்பதற்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்திற் தெளிவாகிறது. நண்பரை விதந்துரைப்பது தவறன்று. 1964இல் வெளிவந்த அ. முத்துலிங்கத்தின் முதற் தொகுதியான அக்காவுக்கு முன்னுரை எழுதியவர் க. கைலாசபதி. முத்துலிங்கம் மார்க்சிய எழுத்தாளரல்லர். அவரது நுண்ணிய நகைச்சுவையும் கதை சொல்லும் ஆற்றலும் பிற்காலத்திற் பெற்ற கீர்த்தியை நாம் அறிவோம். அறிமுகத்திற்கு நட்பு வழி கோலியிருப்பினும் அக்கணிப்பைக் காலம் மெய்ப்பித்தது. குழப்பம் எங்கு நேர்கிறதெனில், நட்பு மட்டுமே எஞ்சி வாசிப்பு மறைந்துவிடும்போதுதான். இன்றைய நூல் வெளியீட்டு விழாவைப் பாருங்கள். அச்சுச் செலவை மீட்க வேண்டிய நிர்ப்பந்தத்தில் எழுத்தாளர் தாமே விழா எடுக்கிறார். முதற்பிரதியைத் தனவந்தர் ஒருவர் பெறுகிறார். சிறப்புப் பிரதிகளைச் சமூகத்துப் பெரியவர்கள் வரிசையில் வந்து வாங்குகின்றனர். வாழ்த்துரை, ஆசியுரை, நயவுரை, ஏற்புரை என உரைகள் மட்டும் நான்கு வகை. இவ்வளவுக்கும் பின் அந்நூலை வாசித்தவர் யார்? சந்தை இல்லாத இடத்திற் புரவலர் வந்து நிற்கிறார். நிலமானியக் காலத்துக் கொடையாளியின் இடம் புதிய வர்த்தகருக்குக் கைமாறுகிறது. எழுத்தாளரைக் குறைகூறிப் பயனில்லை. அச்சகக் கடனை அவர்தாமே அடைக்க வேண்டும். ஆனால் அவ்விழாவில் ஆற்றப்பட்ட நயவுரை அடுத்த மாதம் மதிப்புரையாக அச்சேறும்போது வாசகர் ஏமாற்றப்படுகிறார். இரண்டு மூன்று முறை ஏமாந்தவர் அடுத்த நூலைத் தொடுவதில்லை. பொய்யான விதந்துரையின் சுமையை இறுதியிற் தாங்குபவர் இன்னும் முதல் நூல் வெளியிடாத ஒருவர்.

அந்நியரை விதந்துரைப்பதற்கு எமது நாட்டில் ஓர் அரசியற் பெறுமானமும் உண்டு. 1980களின் நடுப்பகுதியிலிருந்து கிழக்கில் தமிழ் மக்களுக்கும் முஸ்லிம் மக்களுக்கும் இடையே விரிந்த பிளவும், 1990 ஒக்தோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையும் நிலத்தை மட்டுமன்றி வாசிப்பையும் பிரித்தன. ஒரே துறையில் ஒரே பாதைக்குக் காத்திருந்தோர் ஒருவரது நூலை மற்றவர் அறியாதவராயினர். முன்னர் ஆசிரியர் இடமாற்றத்தோடு ஊர்விட்டு ஊர் சென்ற நூல்கள், இடமாற்றம் இனவாரியாகச் சுருங்கியபோது தாமும் சுருங்கின. கிண்ணியாவின் கவிஞர் அண்ணலைத் திருகோணமலைப் பட்டினத்து இளைய வாசகர் எத்தனை பேர் வாசித்திருப்பர்? மூதூர் வ. அ. இராசரத்தினத்தைக் கிண்ணியாவின் இளைய வாசகர் எத்தனை பேர் அறிவர்? இவ்விரு ஊர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாலங்கள் குறைத்துவிட்டன. பாலம் கட்டும் பொறியியலுக்கு அப்பாற்பட்ட தூரம் மிஞ்சியிருக்கிறது. மட்டக்களப்பிற் பிறந்த கே. எஸ். சிவகுமாரன் 2022இற் காலமாகும்வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்தி எழுத்துகளாற் செய்தது இத்தூரத்தைக் குறைக்கும் வேலையே. எல்லோரையும் பாராட்டுகிறார், கறாரான திறனாய்வில்லை என்று நாம் அவரைக் குறைகூறியதுண்டு. எந்த இனம், எந்த ஊர், எந்த அணி என்று பாராது ஒருவரது நூலை மற்றவர் கண்ணிற் படச் செய்தவர் அவர் என்பதை அக்குறைகூறலோடு சேர்த்தே எழுத வேண்டும். 2007இல் திருகோணமலையிலிருந்து எஸ். ஆர். தனபாலசிங்கம் தொடங்கிய கவிதையிதழின் பெயர் நீங்களும் எழுதலாம். பெயரிலேயே அந்நியருக்கு அழைப்பு இருக்கிறது. அவ்விதழிற் தரமற்ற கவிதைகளும் வந்தன, வராமல் எவ்வாறிருக்கும்?

இவ்வளவும் கூறிவிட்டு நாமும் சிலவற்றை விதந்துரைக்காமல் விடுவது முறையாகாது. வகுப்பறைக்கென்றல்ல, மாலைப் பொழுதுக்கென்று இவற்றைக் கூறுகிறோம். முதலாவது, சிரித்திரனின் பழைய இதழ்கள். ஒரே இருப்பிற் பல இதழ்களை வாசிக்க வேண்டாம். நாளொன்றுக்கு ஓர் இதழ் போதும், ஏனெனில் துணுக்குகள் ஒன்றையொன்று மழுங்கடித்துவிடும். செங்கை ஆழியானின் ஆச்சி பயணம் போகிறாள் நகைச்சுவை நாவல். ஊர் தாண்டாத ஒரு மூதாட்டியின் கண்ணால் நாட்டைப் பார்க்க வைக்கும் அதனை, யாழ்ப்பாணப் பேச்சு வழக்கு பழக்கமில்லாதவர் சற்று உரத்து வாசித்தால் எளிதில் விளங்கிக்கொள்வர். மஹாகவியின் ஒரு சாதாரண மனிதனது சரித்திரம் காவியம் என்ற சொல்லுக்கு அஞ்சுவோருக்கும் ஏற்றது. முத்துலிங்கத்தின் எந்தத் தொகுதியிலிருந்தும் தொடங்கலாம்.

இவற்றுட் பெரும்பாலானவை அச்சில் இல்லை என்று கூறித் தப்பிக்கொள்ளும் வழி இப்போது அடைபட்டுவிட்டது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துச் சஞ்சிகைகளையும் நூல்களையும் பல்லாயிரக்கணக்கில் இலவசமாக வாசிக்கத் தருகிறது. என். செல்வராஜாவின் நூல்தேட்டம் தொகுதிகள் எது எங்கு எப்போது வெளிவந்தது என்பதைக் குறிப்புரையோடு தருகின்றன. ஆனால் தேடுவதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். பெயரைச் சொல்லித் தரும் வேலை இன்னமும் மனிதரிடமே இருக்கிறது.

கிண்ணியாவில் இருப்போருக்குத் தனியாக ஒன்று கூறுவோம். இராசரத்தினத்தின் தோணி என்ற சிறுகதையை முதலில் வாசியுங்கள். உங்கள் குடாவின் கரையில், சொந்தத் தோணியொன்று இல்லாத ஓர் மீனவ இளைஞன் எதை இழக்கிறான் என்பதே கதை. உற்பத்திச் சாதனத்தின் உடைமை பற்றி நாம் மேடைகளிற் பேசியவற்றைவிட அது தெளிவாகச் சொல்கிறது. ஆயினும் அதற்காக வாசிக்க வேண்டாம். அதில் வரும் கடலும் நிலவும் அவ்விளைஞனது ஆசையும் நீங்கள் அறிந்தவை. வாசித்து முடித்ததும், திருகோணமலைப் பட்டினத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு, அல்லது தெரியாத ஒருவருக்கு, அண்ணல் கவிதைகளின் பிரதியொன்றைத் தேடி எடுத்து அனுப்பி வையுங்கள்.